ரயில் தாமதமானால், பாதியில் நின்றால்: டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறும் வழி

கேள்வி: சென்ற மழைக்காலத்தில் என் பெற்றோரும் தம்பியும் சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு வருவதற்காகத் தட்கலில் மூன்றடுக்கு ஏசி டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்திருந்தார்கள். இருக்கை உறுதியாகியிருந்தது. இரவில் புறப்பட வேண்டிய வண்டி நான்கு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகும் என்று அறிவித்துவிட்டதால் கிளாம்பாக்கம் போய்ப் பேருந்து பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் நான் டிடிஆர் (ஆன்லைனில் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்தேன். இரண்டு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்த பிறகு நிராகரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் பெற்றோர் சென்னை திரும்பிய வண்டி, பாதையில் வெள்ளம் என்று விழுப்புரத்தோடு நிறுத்தப்பட்டது. பேருந்து ஏற்பாடு செய்கிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். அப்பாவால் அதிக நேரம் நிற்க முடியாது என்பதால் வாடகைக் கார் எடுத்துப் போய்விட்டார்கள். அந்த டிக்கெட்டுக்கு இதுவரை நாங்கள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பயணங்களிலும் எங்கள் மேல் தவறில்லை. இந்தப் பணத்தை இனியும் பெற முடியுமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள வாசகி அவர்களுக்கு வணக்கம். ரயில்வே வணிகப் பிரிவில், டிக்கெட் பணம் திருப்பித் தரும் கோரிக்கைகளைப் பார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டு தனித்தனி கோரிக்கைகள். வண்டி தாமதமாவது, ரத்தாவது, பாதியில் நிற்பது, வேறு பாதையில் திருப்பிவிடப்படுவது ஆகியவை பயணிக்கு ஒரே தொல்லையாகத் தோன்றினாலும் விதிகளின் பார்வையில் வெவ்வேறானவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் காலக்கெடு உண்டு. நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் பணத்தை இழப்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் காலக்கெடுவில்தான் இழக்கிறார்கள்.

முதலில் தாமதத்தைப் பார்ப்போம். 2015 நவம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ள ரயில்வே விதிகளின்படி, பயணி ஏற வேண்டிய நிலையத்திலிருந்து வண்டி புறப்படுவது 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, அதனால் அவர் பயணம் செய்யவில்லை என்றால், கட்டணம் முழுவதையும் எந்தப் பிடித்தமும் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். உறுதியான டிக்கெட், ஆர்ஏசி (உட்கார இடம் உறுதியாகி, படுக்கைக்குக் காத்திருப்பது), காத்திருப்போர் பட்டியல் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் காசு வராது என்ற பொதுவான எண்ணத்தால் பலர் இதைக் கேட்பதே இல்லை. அந்த எண்ணம் பயணி தன் விருப்பத்துக்கு ரத்து செய்யும்போது சரி. தாமதம் ரயில்வேயின் பக்கத்தில் இருக்கும்போது தட்கலுக்கும் முழுப் பணம் உண்டு. ஆகவே உங்கள் பெற்றோருக்கும் தம்பிக்கும் அன்றிரவு அந்த உரிமை இருந்தது.

ஆனால் அந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வண்டி உண்மையில் புறப்படுவதற்கு முன்பே டிக்கெட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். கவுண்டரில் வாங்கிய டிக்கெட் என்றால் கவுண்டரில் கொடுக்க வேண்டும். ஆன்லைன் டிக்கெட்டுக்குக் கொடுக்கக் காகிதம் இல்லாததால், டிடிஆர் பதிவு செய்வதே ஒப்படைப்பாகக் கருதப்படுகிறது. அட்டவணைப்படி வண்டி இரவு 8.40-க்குப் புறப்பட வேண்டும், உண்மையில் 1.10-க்குத்தான் கிளம்பியது என்று வைத்துக்கொள்வோம். 1.05-க்குப் பதிவான டிடிஆருக்கு முழுப் பணம் வரும், 1.25-க்குப் பதிவானதற்கு வராது. இந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்கும் எழுத்தர் முதலில் பார்ப்பது பயணியின் காரணத்தை அல்ல. டிடிஆர் எந்த நிமிடத்தில் பதிவானது, வண்டி எந்த நிமிடத்தில் நகர்ந்தது என்ற இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நீங்கள் மறுநாள் காலை பதிவு செய்ததால் அந்த இடத்திலேயே கோரிக்கை விழுந்துவிட்டது.

இந்த நிபந்தனை ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டி கிளம்புமுன் டிக்கெட் திரும்பி வந்தால் அந்தப் படுக்கையை ஆர்ஏசியில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். பயணம் செய்துவிட்டுப் பணமும் கேட்பவர்களையும் தடுக்கலாம். அந்த இரண்டு காரணங்களும் நியாயமானவை. ஆனால் இன்று டிக்கெட் பரிசோதகரின் கையில் கையடக்கக் கருவி இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்பது அதில் பதிவாகிறது. வண்டி எப்போது புறப்பட்டது என்பது ரயில்வேயின் கணினிக்கே தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகு, பையையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு நள்ளிரவில் பேருந்துக்கு ஓடும் ஒருவர் வண்டி கிளம்புமுன் கைப்பேசியில் படிவம் நிரப்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடுமையானது என்பதே என் கருத்து. முழுமையாக ரத்தான வண்டிக்குப் பணம் தானாகத் திரும்புவதுபோல், 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமான வண்டியில் ஏறாதவர்களுக்கும் தானாகத் திரும்பும் நாள் வர வேண்டும். அதுவரை இருக்கும் விதியைக் கொண்டுதான் நாம் காரியம் பார்க்க வேண்டும்.

அடுத்தது விழுப்புரம். பாதியில் நிறுத்தப்பட்ட வண்டிக்கான காலக்கெடு இதைவிடத் தாராளமானது. உங்கள் டிக்கெட்டில் உள்ள சேருமிடத்துக்கு வண்டி அட்டவணைப்படி வந்து சேர வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் டிடிஆர் பதிவு செய்யலாம். எவ்வளவு பணம் வரும் என்பது, நிறுத்திய இடத்திலிருந்து பயணிகளை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க ரயில்வே என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. வெள்ளம், பாதை அரிப்பு, விபத்து போன்றவற்றால் வண்டி நடுவழியில் நின்று, மேற்கொண்டு கொண்டுபோக ரயில்வேயால் எந்த ஏற்பாடும் செய்ய முடியவில்லை என்றால், பயணம் செய்த தூரத்துக்குக்கூடப் பிடிக்காமல் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர விதியில் இடமிருக்கிறது. பேருந்தோ வேறு ரயிலோ ஏற்பாடு செய்து, அதைப் பயணி ஏற்கவில்லை என்றால், பயணம் செய்த தூரத்துக்கான கட்டணத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்த ஏற்பாட்டை ஏற்று ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு எதுவும் கிடையாது.

இங்கே மீதி என்பதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வரும் தொகையைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து சென்னை ஏறக்குறைய 650 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து எழும்பூர் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஆகவே கட்டணத்தில் கால் பங்கு வரும் என்று கணக்குப் போடத் தோன்றும். ரயில் கட்டணம் அப்படி நேர்கணக்கில் அமைந்ததில்லை. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான விகிதம் குறைந்துகொண்டே வரும். திருநெல்வேலியிலிருந்து விழுப்புரம் வரைக்கான கட்டணத்தைத் தனியாகக் கணக்கிட்டு, அதை நீங்கள் கட்டியதிலிருந்து கழித்து மிஞ்சுவதைத்தான் தருவார்கள். அது கால் பங்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

எனவே உங்கள் வழக்கில் முக்கியமான கேள்வி, ஒலிபெருக்கியில் சொன்ன பேருந்து உண்மையில் வந்ததா என்பதே. அறிவிப்பு வேறு, ஏற்பாடு வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கி, அவர்களை மீட்கவே இரண்டு நாள் ஆனதையும், பிறகு வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயில் விட்டு அவர்களைச் சென்னைக்கு அனுப்பியதையும் தென் மாவட்டத்தில் இருக்கும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அது ஏற்பாடு. பேருந்து வரும் என்று சொல்லி, நியாயமான நேரத்துக்குள் எதுவும் வராமல் முதியவர்கள் நடைமேடையில் நிற்க நேர்ந்திருந்தால், அதை ஏற்பாடு செய்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று வாதிட உங்களுக்கு இடம் உண்டு. அப்போது முழுக் கட்டணத்தையும் கேட்கலாம். அன்று வண்டியில் வந்த மற்றவர்கள் எத்தனை மணிக்குப் பேருந்தில் ஏறினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தால் மனுவில் எழுதுங்கள்.

இடையூறுகள் எப்படி ஒரே காலையில் பல வகையாகப் பிரிகின்றன என்பதற்கு, ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பர் 2 அன்று நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சில வண்டிகள் ரத்தாயின, சில வழியிலேயே நிறுத்தப்பட்டன, சில காட்பாடி வழியாகத் திருப்பிவிடப்பட்டன. முழுமையாக ரத்தான வண்டியின் ஆன்லைன் டிக்கெட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பணம் கட்டிய கணக்குக்கே தானாகத் திரும்பும். அவசரப்பட்டு நீங்களாகவே ரத்து பொத்தானை அழுத்தக் கூடாது. ரயில்வே ரத்து செய்ததாகக் கணினியில் பதிவாகும் முன் அழுத்தினால் வழக்கமான பிடித்தம் விழும். 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது, ஆன்லைனில் டிக்கெட் விற்கும் ரயில்வே நிறுவனமான ஐஆர்சிடிசியே இந்த எச்சரிக்கையை வெளியிட்டது. கவுண்டர் டிக்கெட் வைத்திருப்பவர் அப்படிச் சும்மா இருக்க முடியாது. 3 நாளுக்குள் முன்பதிவு கவுண்டரில் கொடுத்து வாங்க வேண்டும். கொரோனா காலத்தில் அந்தக் கெடுவை 9 மாதம் வரை நீட்டினார்கள். இதுபோன்ற பெரிய பேரிடர்களின்போது கெடு நீட்டிக்கப்படலாம் என்பதால் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

திருப்பிவிடப்பட்ட வண்டியில் உள்ள சிக்கல் வேறு. விழுப்புரத்திலிருந்து காட்பாடி சுற்றிவரும் வண்டி செங்கல்பட்டையும் தாம்பரத்தையும் தொடாமலே எழும்பூர் போகலாம். நீங்கள் ஏற வேண்டிய அல்லது இறங்க வேண்டிய நிலையத்தை வண்டி தொடவில்லை என்றாலும், சுற்றுவழியில் போக விருப்பமில்லாமல் ஏறவில்லை என்றாலும், முழுக் கட்டணம் கேட்கலாம். ஏற வேண்டிய நிலையத்தில் வண்டியின் அட்டவணை நேரத்திலிருந்து 72 மணி நேரம் இதற்குக் கெடு. வண்டி முழுதாக ரத்தாகாமல் உங்கள் பயணப் பகுதிக்கு மட்டும் ரத்தானால் அதற்கும் இதே கெடுதான். அப்போது பணம் தானாக வராது, டிடிஆர் போட்டாக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

டிடிஆர் பதிவு செய்வதில் தவறுகள் நேரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுத்த அதே கணக்கில் நுழைந்துதான் பதிவு செய்ய முடியும். பயண ஏஜென்ட் மூலமாகவோ வேறு செயலி வழியாகவோ எடுத்திருந்தால் அவர்கள் வழியாகவே போட வேண்டும். நள்ளிரவில் ஏஜென்ட் தொலைபேசியை எடுக்காததால் பணம் போனவர்கள் உண்டு. காரணங்களின் பட்டியலில் உங்கள் நிலைமைக்கு மிகச் சரியாகப் பொருந்துவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பாதியில் நின்ற வண்டிக்குத் தாமதம் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் பயணம் செய்ததாகப் பதிவு இருக்கும் ஆகையால் நிராகரிப்பு நிச்சயம். ஐஆர்சிடிசி இந்தக் கோரிக்கையைத் தானே முடிவு செய்வதில்லை. சம்பந்தப்பட்ட ரயில்வே மண்டலத்துக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே பயணிகள் பட்டியல், பரிசோதகர் பதிவு செய்த விவரம், வண்டியின் உண்மையான நேரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 60 நாளோ அதற்கு மேலோ ஆவது இதனால்தான். ஐஆர்சிடிசியின் சேவைக் கட்டணம் மட்டும் எந்த நிலையிலும் திரும்பாது.

பரிசோதகரின் பதிவு எவ்வளவு முக்கியம் என்பது ஏசி பழுதாகும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். வழியில் ஏசி இயங்கவில்லை என்றால், இயங்காத தூரத்துக்கு ஏசி கட்டணத்துக்கும் ஏசி இல்லாத வகுப்பின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு வர வேண்டிய பணம். ஆனால் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை இயங்கவில்லை என்று பரிசோதகரிடம் எழுத்தில் சான்று வாங்க வேண்டும். வண்டி சேருமிடம் வந்து 20 மணி நேரத்துக்குள் டிடிஆர் போட்டு, சான்றின் மூலத்தை ஐஆர்சிடிசிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். எடுத்ததைவிடத் தாழ்ந்த வகுப்பில் பயணம் செய்ய நேர்ந்தாலும், ஒரே டிக்கெட்டில் சிலர் மட்டும் பயணம் செய்து மற்றவர்கள் வராமல் போனாலும் இந்தச் சான்று வேண்டும். வியர்த்துக் கொட்டும் பெட்டியில் அலைந்து பரிசோதகரைத் தேடுவது எரிச்சலான வேலைதான் என்றாலும், அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் அலுவலகத்தில் யாராலும் உங்களுக்கு உதவ முடியாது.

முதல் வண்டி தாமதமாகி இணைப்பு வண்டியைத் தவறவிடுபவர்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து எழும்பூர் வந்து சென்ட்ரலில் வடக்கே போகும் வண்டியைப் பிடிக்கும் நம் பகுதியினர் இதை அறிந்திருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு பிஎன்ஆர்களையும் இணைத்துவிட்டால், இரண்டிலும் பயணிகளின் விவரங்கள் ஒன்றாக இருக்கும் பட்சத்தில், தவறிப்போன இரண்டாவது வண்டியின் கட்டணம் பிடித்தம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும். முதல் வண்டி வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டு டிக்கெட்டுகளுக்கும் என்ன செய்வது என்று பார்ப்போம். கெடு தவறிய கோரிக்கையை ஆன்லைனில் மறுபடி போட முடியாது. ஆனால் சந்தர்ப்பச் சூழ்நிலையால் கெடுவைக் கடந்தவர்களின் மனுவைப் பரிசீலிக்க மண்டல ரயில்வேயின் தலைமை உரிமைகோரல் அலுவலருக்கு விருப்புரிமை உண்டு. இது கேட்டுப் பெறும் சலுகை; கட்டாயம் தர வேண்டும் என்பதில்லை. விழுப்புரம் டிக்கெட்டுக்கு இது பலிக்க நல்ல வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறேன். ஏனென்றால் வண்டி அங்கே நின்றது ரயில்வேயின் பதிவிலேயே இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. தாமதமான வண்டிக்கு வாய்ப்பு குறைவு. ஆயினும் மூவரும் ஏறவில்லை என்று பரிசோதகர் பதிவு செய்திருந்தால், அதை அடிப்படையாக வைத்துக் கேட்கலாம். அந்தப் பதிவின் நகலையும், வண்டி அன்று புறப்பட்ட நேரத்தையும், விழுப்புரத்தில் செய்யப்பட்ட பேருந்து ஏற்பாட்டின் விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மனுவும் மறுக்கப்பட்டால், கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்குகளுக்கு என்றே 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. கட்டணம் செலுத்திய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் அங்கே போகலாம் என்பதால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

காருக்குக் கொடுத்த வாடகை டிக்கெட் கட்டணத்தில் சேராது, அது இழப்பீடு. அதற்கு நுகர்வோர் ஆணையத்தைத்தான் அணுக வேண்டும். அஜ்மீர்–ஜம்மு விரைவு வண்டி ஏறக்குறைய 4 மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டு, வாடகைக் காரில் போக நேர்ந்த ஒரு குடும்பத்துக்கு 35,000 ரூபாய் இழப்பீடு வழங்கிய உத்தரவை 2021 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த 35,000 ரூபாயில் கார் வாடகை 15,000 ரூபாயும் அடங்கும். தாமதத்துக்கான காரணம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதை ரயில்வே விளக்கி நிரூபிக்க வேண்டும், இல்லையேல் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் விஷயத்தில் காரணம் வெள்ளம். அதை ரயில்வே எளிதாக நிரூபித்துவிடும். ஆகவே வாடகையைக் கேட்டு வழக்குப் போட நான் உங்களைத் தூண்டமாட்டேன். முதல் இரவு வண்டி தாமதமானதற்கு மழை காரணமில்லை, பராமரிப்போ பெட்டிகள் வந்து சேராததோ காரணம் என்று தகவல் உரிமைப் பதிலில் தெரியவந்தால் நிலைமை மாறும். அப்போது 2 ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். இந்த அளவிலான தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இந்த வாரமே முதல் வேலையாக இரண்டு டிக்கெட்டுகளுக்கும் தனித்தனியாக இரண்டு மனுக்கள் எழுதுங்கள்; ஒரே கடிதத்தில் சேர்த்தால் பலவீனமானது வலுவானதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றிலும் பிஎன்ஆர் எண், வண்டி எண், பயண நாள், பயணிகளின் வயது, பணம் செலுத்திய விவரம், நடந்தது, கேட்கும் தொகை ஆகியவற்றை எழுதி, விழுப்புரம் மனுவோடு கார் வாடகை ரசீதையும் அப்பாவின் மருத்துவச் சீட்டின் நகலையும் இணையுங்கள். வாடகையைக் கேட்பதற்காக இல்லாவிட்டாலும், அவர்கள் மேற்கொண்டு ரயில்வேயின் ஏற்பாட்டில் பயணம் செய்யவில்லை என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி. தெற்கு ரயில்வேயின் தலைமை உரிமைகோரல் அலுவலருக்கு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகை வந்ததும் மனுவின் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.